அரைமாடிக் கட்டடங்களும் நிலநடுக்கமும்

வீடு என்பது ஒருமுறை எழுப்பி முடித்துவிடும் பொருளன்று. குடும்பம் வளருந்தோறும் தானும் வளர்வது. எமது பகுதியில் இவ்வுண்மை கண்கூடு. மன்னாரிலிருந்து பூநகரி செல்லும் ஏ32 நெடுவீதியில், மாந்தை மேற்குப் பிரிவில் அமைந்த வெள்ளாங்குளத்தை எடுத்துக்கொள்வோம். 2008ஆம் ஆண்டில் போரினால் ஊர்விட்டகன்ற இப்பகுதி மக்கள் 2009ஆம் ஆண்டின் பின்னர் படிப்படியாக மீண்டு வந்தனர். வட மாகாணமெங்கும் வீடமைப்புத் திட்டங்கள் பல நடைபெற்றன. அவற்றுட் பெரியதான இந்திய வீடமைப்புத் திட்டத்தில் புதுவீடு ஒன்றுக்கு 550,000 ரூபா உதவியாக வழங்கப்பட்டது. இவ்வாறு எழுந்தவை பெரும்பாலும் சீமெந்துக்கற் சுவரும் ஓட்டுக்கூரையும் கொண்ட, மாடியற்ற சிறு வீடுகள்.

இத்தகைய வீட்டுக்குக் காலப்போக்கில் இடம் போதாமற் போகின்றது. மகளுக்கு மணம் நிகழ்கின்றது. மகன் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகின்றான். நிலத்தை விரிக்க இயலாதவிடத்து வீட்டின் ஒரு பாதிக்குக் கொங்கிறீற்றுத் தளமிட்டு, அதன்மேல் ஓர் அறை எழுப்புகின்றனர். வீட்டுக்கு நேர்வது பாடசாலைக்கும் நேர்கின்றது. கிடைத்த நன்கொடைக்கேற்ப வகுப்பறைத் தொகுதியின் ஒரு பக்கத்தில் மாத்திரம் மேல்மாடி எழுகின்றது. மறுபக்கம் பின்னொரு காலத்துக்கெனக் கம்பி நீட்டியபடி நிற்கின்றது. கீழ்நிலையின் பரப்பு முழுவதையும் மூடாது, ஒரு பகுதியின்மேல் மாத்திரம் நிற்கும் இத்தகைய மேனிலையையே இக்கட்டுரையில் அரைமாடி என்று குறிப்பிடுகின்றோம்.

அரைமாடி கட்டுவது குற்றமன்று. ஆயின் பாதி மாடிதானே, பாதிப் பாரந்தானே என்றெண்ணிக் கட்டுவது பெரும் பிழை. நிலம் அசையும்பொழுது அரைமாடி தன் நிறைக்குரிய பங்கைவிட அதிக விசையைத் தானே வேண்டிப் பெறுகின்றது. அவ்விசையையும் கட்டடத்தின் ஒரு பக்கத்திலேயே கொண்டுபோய்ச் சுமத்துகின்றது. அஃது எவ்வாறு என்பதையும், சிறு செலவில் அதற்கு எவ்வாறு வகைசெய்யலாம் என்பதையும் விளக்குதலே எமது நோக்கம்.

1. எமது நாட்டில் நிலம் நடுங்குமா?

இலங்கை புவியோட்டுத் தகட்டின் விளிம்பில் அன்றி, அதன் உட்புறத்தே அமைந்துள்ளது. யப்பான், சுமாத்திரா, நேபாளம் போன்று அடிக்கடி அதிரும் நாடன்று. எனினும் அரிதாக நிகழ்வது வேறு, நிகழாதது வேறு.

1615ஆம் ஆண்டு ஏப்பிரல் 14ஆம் நாள் கொழும்பில் பெரும் நிலநடுக்கம் நிகழ்ந்ததென்றும், 200 வீடுகள் வீழ்ந்து 2,000 பேர் வரையில் மாண்டனர் என்றும் போர்த்துக்கேயர் காலத்துக் குறிப்பொன்று கூறுகின்றது. 1938ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில் மன்னார்க் குடாவிலேயே, அளவு 6க்குச் சற்றுக் குறைந்த ஒரு நடுக்கம் பதிவாகியது. 2012ஆம் ஆண்டு ஏப்பிரல் 11ஆம் நாள் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிகழ்ந்த நடுக்கம் எமது நாட்டிலும் உணரப்பட்டது. 2020ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கண்டி மாவட்டத்துத் திகனைப் பகுதியிற் சிறு அதிர்வுகள் உண்டாயின.

எம்மைப் போன்றே தகட்டின் உட்புறத்தில் அமைந்த தென்னிந்தியாவின் வரலாறு மேலும் தெளிவானது. 1900ஆம் ஆண்டு பெப்ரவரி 8ஆம் நாள் கோயம்புத்தூர்ப் பகுதியில் அளவு ஏறக்குறைய 6 உடைய நடுக்கம் நிகழ்ந்தது. 1993ஆம் ஆண்டு செப்ரெம்பர் 30ஆம் நாள் மகாராட்டிரத்து இலாத்தூர்ப் பகுதியில், நிலநடுக்க அபாயம் மிகக் குறைந்ததெனக் கருதப்பட்டிருந்த இடத்தில், 6.2 அளவுடைய நடுக்கம் அதிகாலையில் நிகழ்ந்து ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது. அங்கே மக்களைக் கொன்றது நிலமன்று. கனத்த மண்கூரையும் பிணைப்பற்ற கற்சுவருமே கொன்றன. 2001ஆம் ஆண்டு செப்ரெம்பர் 25ஆம் நாள் புதுச்சேரிக்கு அப்பாற் கடலில் 5.5 அளவுடைய நடுக்கம் நிகழ்ந்தது. 2002ஆம் ஆண்டில் இந்திய நிலநடுக்க விதிக்கோவை திருத்தப்பட்டபொழுது சென்னை நகர் இரண்டாம் வலயத்திலிருந்து மூன்றாம் வலயத்துக்கு உயர்த்தப்பட்டது. பாக்கு நீரிணைக்கு அப்பாலுள்ள இராமநாதபுரக் கரை அப்பதிப்பின் மிகக் குறைந்த வலயமாகிய இரண்டாம் வலயத்தில் இருந்தது.

மிகக் குறைந்த வலயம் என்பது விசையே இல்லாத வலயம் என்று பொருள்படாது. அங்கும் கட்டடத்துக்குப் பக்கவிசை கணிக்கப்படல் வேண்டும் என்பதே விதி. அக்கரைக்கும் எமது கரைக்கும் இடையே கிடப்பது ஆழங் குறைந்த ஒரு நீரிணையே. ஆகவே, வெள்ளாங்குளத்துக் கட்டடமொன்றைச் சீர்தூக்குவதற்கு அவ்விரண்டாம் வலயத்தின் அளவை ஒரு படிக்கல்லாகக் கொள்வது பொருத்தமாகும்.

2. விசை பிறக்கும் இடம்

நின்றுகொண்டிருந்த பேருந்து திடீரெனப் புறப்படும்பொழுது, நின்ற பயணி பின்னே சாய்கின்றான். அவனை யாரும் தள்ளவில்லை. அவன் கால்கள் பேருந்துடன் முன்சென்றன, உடலோ தன் சடத்துவத்தால் நின்ற இடத்திலேயே நிற்க முயன்றது. நிலநடுக்கத்திற் கட்டடத்துக்கு நேர்வதும் இதுவே. அத்திவாரம் நிலத்துடன் செல்கின்றது. தளமும் கூரையும் பின்தங்குகின்றன. இடையிலுள்ள தூண்களும் சுவர்களும் அவ்விரண்டையும் இழுத்துப் பிடிக்க வேண்டியனவாகின்றன.

இதிலிருந்து இரு உண்மைகள் பெறப்படும். முதலாவது, விசை திணிவைப் பொறுத்தது. பாரமான கட்டடம் உறுதியானது என்பது பாமர எண்ணம். நிலநடுக்கத்தின் முன் பாரமே பகை. இரண்டாவது, விசை உயரத்தையும் பொறுத்தது. சோளகக் காற்றில் நிற்கும் பனையை நோக்குக. அடிமரம் அசைவது கண்ணுக்குத் தெரியாது. வட்டோ பெரு வீச்சத்துடன் ஆடும். கட்டடமும் அடியிற் குறைவாகவும் உச்சியில் அதிகமாகவும் அசைவதால், ஒரே திணிவு உயரத்திலிருக்குமாயின் அதன் ஆர்முடுகல் கூடும், விசையும் கூடும். இந்திய விதிக்கோவை 1893 மொத்தப் பக்கவிசையை மாடிகளுக்குப் பங்கிடும்பொழுது, ஒவ்வொரு மாடியின் நிறையை அதன் உயரத்தின் வர்க்கத்தால் பெருக்கி, அவ்விகிதப்படியே பங்கிடுகின்றது.

இன்னொரு செய்தியும் உண்டு. ஊஞ்சலை அதன் அலைவுகாலத்துக்கு ஒத்தபடி தள்ளினால் சிறு தள்ளலும் பெரிய ஆட்டத்தை உண்டாக்கும். இதனைப் பரிவு என்பர். பருமனான கீழ்நிலையின்மேல் ஒல்லியான தூண்களில் நிற்கும் சிற்றறையின் அலைவுகாலம் கீழ்நிலையின் அலைவுகாலத்தை நெருங்குமாயின், கீழ்நிலையின் ஒவ்வோர் ஆட்டமும் மேலறைக்கு ஊஞ்சற்றள்ளல் ஆகிவிடும்.

3. ஒரு வீட்டின் கணக்கு

மாணவர் பொருட்டு ஓர் எளிய கணக்கைச் செய்து காண்போம். வீட்டின் நீளம் 10 மீற்றர், அகலம் 6 மீற்றர், தளத்தின் உயரம் 3 மீற்றர் எனக் கொள்க. சீமெந்துக்கற் சுவரின் தடிப்பு 15 சதமமீற்றர். கொங்கிறீற்றுத் தளமும் அதன் மேற்பூச்சும் சதுர மீற்றருக்கு 0.4 தொன் எனின், 60 சதுர மீற்றருக்கு 24 தொன் ஆகும். சுவர்களின் மேற்பாதியையும் தளத்துடன் சேர்த்தெண்ணுவது மரபு. அஃது ஏறக்குறைய 20 தொன். எனவே 3 மீற்றர் உயரத்தில் 44 தொன் நிறை உள்ளது.

இரண்டாம் வலயத்தில், சாதாரண கொங்கிறீற்றுச் சட்டகத்தாலான குறுங்கட்டடத்துக்கு 2002ஆம் ஆண்டுப் பதிப்பின்படி கணிக்கும் பக்கவிசை நிறையில் ஏறத்தாழ 4 சதவீதம். ஆகவே இவ்வீட்டுக்குரிய பக்கவிசை 1.76 தொன், அடியிற் கவிழ்க்கும் திருப்புதிறன் அதனை 3ஆற் பெருக்க வரும் 5.3 தொன்-மீற்றர்.

இனி, வீட்டின் ஓர் அந்தத்தில் 5 மீற்றருக்கு 6 மீற்றர் அளவான ஓர் அறையை எழுப்பி, அதற்கும் கொங்கிறீற்றுக் கூரை இடுவோம். பரப்பிற் சரி பாதி. மேலறைச் சுவரின் கீழ்ப்பாதி 10 தொன் முதற்றளத்தைச் சேர, அங்கே 54 தொன் ஆகும். கூரை 12 தொன்னும் சுவரின் மேற்பாதி 10 தொன்னும் சேர, 6 மீற்றர் உயரத்தில் 22 தொன் ஆகும். மொத்தம் 76 தொன். பக்கவிசை ஏறத்தாழ 3.04 தொன்.

இதனை விதிப்படி பங்கிடுவோம். முதற்றளத்துக்கு 54ஐ 3இன் வர்க்கத்தாற் பெருக்க 486. மேற்றளத்துக்கு 22ஐ 6இன் வர்க்கத்தாற் பெருக்க 792. ஆகவே மொத்த விசையில் 62 சதவீதம், அதாவது 1.88 தொன், மேலறைக்கே உரியதாகின்றது. நிறையில் அதன் பங்கோ 29 சதவீதம் மாத்திரமே! கவிழ்க்கும் திருப்புதிறன் 14.8 தொன்-மீற்றராக உயர்கின்றது. நிறை 1.7 மடங்காக, திருப்புதிறன் 2.8 மடங்காகின்றது. பாதி மாடி என்ற சொல் எவ்வளவு தவறான எண்ணத்தைத் தருகின்றது என்பது இதனால் விளங்கும்.

எமது நாட்டில் நெடுங்காலம் பின்பற்றப்பட்ட பிரித்தானிய விதிக்கோவை 8110, நிலநடுக்கத்தைக் கருதாது, கட்டடத்தின் நிலையான நிறையில் 1.5 சதவீதத்தையேனும் பக்கவிசையாகக் கொள்ளுமாறு விதித்தது. அவ்வளவில் நின்றுவிட்ட கணிப்புக்கும் இங்கே கண்ட 4 சதவீதத்துக்கும் இடையே இரண்டரை மடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு உண்டு. சட்டகமே இன்றிக் கம்பியற்ற கற்சுவரே பாரந்தாங்கும் கட்டடமாயின், இந்திய விதிப்படி அந்த 4 சதவீதமும் இருமடங்காகும்; ஏனெனில் அத்தகைய சுவர் வளைந்துகொடாது உடையும் இயல்பினது. பாடசாலைக் கட்டடமாயின், அதன் முக்கியத்துவங் கருதி விசையை ஒன்றரை மடங்காகக் கொள்ளல் வேண்டும்.

4. முறுக்கம்

மேற்கூறியது விசையின் அளவு பற்றியது. விசை தாக்கும் இடம் பற்றிய தொல்லை இன்னும் நுட்பமானது.

நமது வீடு தன் நீளத்துக்குக் குறுக்காக அசைகின்றது என்க. அவ்வசைவைத் தடுப்பன இரு அந்தங்களிலும் 10 மீற்றர் இடைவெளியில் நிற்கும் குறுக்குச் சுவர்கள் அல்லது சட்டகங்கள் எனக் கொள்வோம். அரைமாடி எழுப்பப்படுமுன் விசை நடுவிலே தாக்கிற்று. ஒவ்வோர் அந்தமும் 0.88 தொன் தாங்கிற்று. அரைமாடி எழுந்தபின், அதன் நடுப்புள்ளி வீட்டின் நடுவிலிருந்து 2.5 மீற்றர் விலகி நிற்பதால், மொத்த விசையின் தாக்கக்கோடும் ஏறக்குறைய 1.7 மீற்றர் விலகிவிடுகின்றது. சுமைத்தடியின் ஒரு முனைப்பக்கமாகக் குடத்தைத் தள்ளிவிட்டாற்போல, மாடியுள்ள அந்தம் 2.0 தொன் தாங்க, மறு அந்தம் 1.0 தொன் தாங்குகின்றது. வீடு நேராக அசையாது, ஒரு முனையைச் சுற்றித் திருகுகின்றது. விதிக்கோவையோ இவ்விலகலை ஒன்றரை மடங்காக்கி, எதிர்பாராத விலகலுக்கென நீளத்தில் 5 சதவீதத்தையும் கூட்டுமாறு பணிக்கின்றது.

முறுக்கத்தின் கொடுமைக்கு 1985ஆம் ஆண்டு செப்ரெம்பர் 19ஆம் நாள் மெக்சிக்கோ நகரில் நிகழ்ந்த நடுக்கம் சான்று. ஆங்குப் பெருஞ்சேதமுற்ற கட்டடங்களுள் ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கு தெருமூலைக் கட்டடங்கள் எனக் கண்டனர். மூலைக் கட்டடத்தில் இரு பக்கம் திண்ணிய சுவர். தெருவை நோக்கிய மற்றிரு பக்கமும் திறந்த கடைவாயில்கள். விறைப்பு ஒரு புறமும் திணிவு மறு புறமுமாக விலகியமையே அவற்றை முறுக்கியது. அரைமாடி வீட்டிற் படிக்கட்டும் மேலறையும் ஒரே அந்தத்தில் அமைய, மறு அந்தம் திறந்த விறாந்தையாக இருக்குமாயின், இதே நிலையை நாமே உண்டாக்கியவராவோம்.

5. திடீர் மாற்றமும் படிப்படியான ஒடுக்கமும்

கீழிருந்து மேலாக ஒழுகிவரும் விசைப் பாதையில் எவ்விடத்தில் உருவமோ விறைப்போ திடீரென மாறுகின்றதோ, அவ்விடத்திலேயே சேதம் குவியும். 1995ஆம் ஆண்டு சனவரி 17ஆம் நாள் கோபே நகர நடுக்கத்தில், மாநகர மண்டபத்தின் பழைய இணைக்கட்டடத்தில் இடையிலிருந்த ஆறாம் மாடி மாத்திரம் நசுங்கிற்று. அடிமாடி நின்றது, உச்சிமாடியும் உருக்குலையாது கீழிறங்கிற்று.

இதனாலேயே விதிக்கோவைகள் உருவ ஒழுங்கின்மையை எண்ணால் வரையறுத்துள்ளன. பக்கவிசை தாங்கும் சட்டகத்தின் அகலம் அடுத்த மாடியின் அகலத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேற்படின் அஃது ஒழுங்கற்றது என்றது இந்திய விதிக்கோவையின் 2002 பதிப்பு. 2016 பதிப்பு அவ்வெல்லையை 1.25 மடங்காக இறுக்கிற்று. அமெரிக்க விதிக்கோவையில் எல்லை 1.3 மடங்கு. நாம் கணக்கிட்ட வீட்டிற் கீழ்நீளம் 10, மேல்நீளம் 5; அதாவது இரு மடங்கு. எந்த விதியால் நோக்கினும் அஃது ஒழுங்கற்ற கட்டடமே. ஒழுங்கற்றது என்றால் கட்டலாகாது என்பதன்று. எளிய முறையால் ஒப்பேற்றாது, முறுக்கத்தையும் மேலறையின் தனியசைவையும் கருதிக் கணித்தே கட்டல் வேண்டும் என்பதாகும்.

ஐரோப்பிய விதிக்கோவை 8, கட்டடத்தின் சமச்சீர் கெடாது படிப்படியாக ஒடுங்கும் அமைப்பை ஒழுங்கானதென ஏற்கின்றது. ஒவ்வோர் ஒடுக்கமும் கீழுள்ள அளவில் 20 சதவீதத்துக்கு மேற்படலாகாது என்பதே அதன் நிபந்தனை. இவ்வமைப்பைக் காண ஐரோப்பாவுக்குச் செல்ல வேண்டியதில்லை. கோயிற் கோபுரத்தை நிமிர்ந்து நோக்கினாற் போதும். அடியில் அகன்று, நிலைதோறும் நாற்புறமும் சமமாகச் சுருங்கி, பாரம் கீழேயும் இலேசு மேலேயுமாக எழுவது அது. அரைமாடியோ ஒரே நிலையில், ஒரே பக்கத்தில், பாதியளவு வெட்டுண்டு நிற்பது. எனினும் உருவம் மாத்திரம் எதனையும் காக்காது. விசயநகர வேந்தர் கிருட்டிணதேவராயர் 1516ஆம் ஆண்டிற் கட்டுவித்த திருக்காளத்தி இராசகோபுரம், நடுக்கம் எதுவுமின்றியே, 2010ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் பிளவுண்டு சரிந்தது. அத்திவாரமும் பராமரிப்பும் உருவத்துக்கு இளைத்தவை அல்ல.

6. அகமதாபாத் தந்த பாடம்

அரைமாடி முதலிய ஒழுங்கற்ற கட்டடங்களின் கதியை எமக்கு அண்மையிற் காட்டியது அகமதாபாத் நகரம். 2001ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் குசராத்தின் கச்சுப் பகுதியில் 7.7 அளவுடைய நடுக்கம் நிகழ்ந்தது. அரசின் கணக்கின்படி 13,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நடுக்க மையத்திலிருந்து 200 கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள அகமதாபாத்திலும் மாடிக்கட்டடங்கள் பல வீழ்ந்து 700க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

வீழ்ந்தவை பழைய மண்வீடுகள் அல்ல. அண்மைக் காலத்துக் கொங்கிறீற்றுக் கட்டடங்கள். ஆராய்ந்த பொறியியலாளர் சுட்டிய குறைகள் ஏறக்குறைய ஒரே வகையின. வாகனம் நிறுத்துவதற்கென அடிநிலை சுவரின்றித் திறந்து விடப்பட்டிருந்தது. மேல்மாடிகள் கீழ்நிலைக்கு வெளியே நீண்டிருந்தமையால் மேற்றூண்கள் சில கீழே தூணின்றி வளைகளின் அந்தங்களில் நின்றன. மொட்டைமாடியிற் பின்னர் சேர்த்த அறைகளும் பெரிய நீர்த்தொட்டிகளும் சட்டகத்துடன் நன்கு பிணைக்கப்படாது இருந்தன. தூண்களின் குறுக்கு வளையக் கம்பிகள் ஐதாகவும், முனைகள் உள்ளே மடிக்கப்படாதும் இருந்தன. சபர்மதி ஆற்றின் ஆழ்ந்த வண்டற்படிவு நடுக்கத்தைப் பெருக்கிற்று.

இவற்றை எமது நிலைமையுடன் ஒப்பிடுக. ஏ32 போன்ற வீதிகளின் ஓரத்திற் கடைக்கென அடிநிலையைத் திறந்துவிட்டு, மேலே குடியிருக்க அறையெழுப்புவது எங்கும் காணும் வழக்கம். சுவரற்ற அடிநிலை மெலிந்த கால். சுவருள்ள மேனிலை கனத்த தலை. எமது வடமேற்குக் கரையின் ஆழத்தில் மயோசீன் காலத்துச் சுண்ணக்கல் உறுதியாகக் கிடப்பினும், அதன்மேற் பல இடங்களில் மணலும் வண்டலும் படிந்துள்ளன. கரையோரத்தில் நிலத்தடி நீரும் அதிக ஆழத்தில் இல்லை. நீரூறிய இளகிய மணல் நடுக்கத்திற் சேறுபோற் குழையக்கூடியது. ஆகவே, கிணறு வெட்டும்பொழுது கண்ட மண்படைகளைக் குறித்துவைத்தல் அத்திவாரம் இடுபவனுக்குப் பேருதவியாகும்.

7. காற்றுக்கும் நடுக்கத்துக்கும் இடையில்

மேற்றளத்தின் பாரத்தைக் குறைத்தலே முதல் மருந்து. நமது கணக்கில் மேலறைக்குக் கொங்கிறீற்றுக்குப் பதிலாகத் தகடும் மரமும் கொண்ட இலேசான கூரையிட்டால், மேனிலையின் நிறை 22 தொன்னிலிருந்து ஏறத்தாழ 12 தொன்னாகும். கவிழ்க்கும் திருப்புதிறன் 14.8இலிருந்து 11.6 தொன்-மீற்றராக, ஐந்தில் ஒரு பங்குக்கு மேற் குறையும்.

ஆனால் எமது கரைக்கு வேறொரு பகையும் உண்டு. 1964ஆம் ஆண்டு டிசெம்பர் 22, 23ஆம் நாள்களில் வட இலங்கையைக் கடந்து தனுக்கோடியை அழித்த புயலை மன்னார் மக்கள் மறந்திலர். செக்கனுக்கு 40 மீற்றர் வேகக் காற்று சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 100 கிலோகிராம் நிறைக்கு ஒப்பான அழுத்தத்தை உண்டாக்கும். அவ்வளவே மேலிழுப்பாக அமையின், 30 சதுர மீற்றர்க் கூரையை 3 தொன் விசை மேலே தூக்கும். தகட்டுக்கூரையின் நிறையோ அதிற் பாதியும் இராது. நடுக்கத்துக்கு இலேசு நன்று. காற்றுக்கு இலேசு தீது.

இம்முரண்பாட்டைத் தீர்ப்பது பிணைப்பே. கூரைமரத்தைச் சுவர்த்தலையிலுள்ள கொங்கிறீற்று வளையுடனும், அவ்வளையைத் தூண்கம்பியுடனும், தூணை அத்திவாரத்துடனும் இடையறாது பிணைத்துவிட்டால், காற்றின் மேலிழுப்பும் நடுக்கத்தின் பக்க இழுப்பும் ஒரே வழியால் நிலத்தை அடையும். நூறாண்டுக்கு ஒருமுறையும் வாராத நடுக்கத்துக்கெனச் செலவிடுவதா என்று தயங்குவோர், அச்செலவே ஆண்டுதோறும் அஞ்சவேண்டிய புயலுக்கும் காப்பாகின்றது என்பதை எண்ணுதல் வேண்டும்.

8. கட்டுவோர் கவனிக்க வேண்டுவன

1. மாடியற்ற வீட்டுக்கென இட்ட கருங்கல் அத்திவாரத்தின்மீதும் கற்சுவரின்மீதும் நேரே மாடியெழுப்புதல் ஆகாது. மேலறையின் தூண்கள் தமக்குரிய அத்திவாரத்திலிருந்தே எழல் வேண்டும்; வளையின் நடுவிலோ தளத்தின் மீதோ தூண் நிறுத்தலாகாது.

2. இயலுமாயின் அரைமாடியை வீட்டின் நடுப்பகுதியில் அமைக்க. நமது கணக்கில் நடுவில் அமைத்திருந்தால் ஒவ்வோர் அந்தமும் 1.5 தொன் தாங்கும். ஓரத்தில் அமைத்தமையால் ஒன்று 2.0 தொன் தாங்க நேர்ந்தது. ஓரத்திலேயே அமைக்க நேரின், அவ்வந்தத்துச் சட்டகத்தை வலுப்படுத்துக.

3. புதிய பகுதி பழையதைவிட மிகக் கனமாயின், இரண்டையும் அரைகுறையாக ஒட்டாது, இடையே போதிய வெளிவிட்டுத் தனிக்கட்டடங்களாக நிறுத்துதல் நன்று. அரைகுறையான ஒட்டு நடுக்கத்திற் சம்மட்டியாகிவிடும்.

4. பின்னொரு நாளுக்கெனத் தூண்தலையில் விட்ட கம்பிகளை உப்புக்காற்று அரித்துவிடும். துரு மேலோட்டமானதா, கம்பியின் பருமனையே உண்டுவிட்டதா என்று பாராமல் அவற்றுடன் புதுக்கம்பியைப் பிணைத்தலாகாது. இனி விடுவோர் அவற்றைச் சாந்திட்டு மூடிவைத்தல் வேண்டும். கழுவாத கடல்மணலும் இத்தீங்கையே உள்ளிருந்து செய்யும்.

5. தூணின் அடியிலும் தலையிலும் குறுக்கு வளையக் கம்பிகளை நெருக்கமாக இட்டு, அவற்றின் முனைகளைத் தூணின் உட்புறமாக மடித்துவிடுக. செலவு சிறிது, தூண் உடையாது வளைந்து தாங்குவதற்கு இதுவே காரணம். நிலைக்கம்பிகளின் பிணைப்பைத் தளமட்டத்தில் வையாது, தூணின் நடுப்பகுதியில் வைக்க.

6. அத்திவார மட்டத்திலும், கதவு யன்னல்களின் மேலும், சுவர்த்தலையிலும் கொங்கிறீற்று வளை வீட்டைச் சுற்றி இடையறாது ஓடல் வேண்டும். பீப்பாவின் இரும்புப்பட்டை பலகைகளைக் காப்பதுபோல அது சுவர்களைக் காக்கும்.

7. நீர்த்தொட்டியை மறத்தலாகாது. 1,000 லீற்றர் நீர் 1 தொன் நிறை. கூரைக்கு மேலே நீண்டு நிற்கும் தொட்டி, கைபிடிச்சுவர் முதலியவற்றுக்குக் கட்டடத்துக்குரிய விசைவீதத்தைப்போல் ஐந்து மடங்கு கொள்ளுமாறு இந்திய விதிக்கோவையின் 2002 பதிப்பு கூறிற்று. நமது 4 சதவீதம் அங்கே 20 சதவீதமாகும். படிக்கட்டின் தலைமேல் வெறுமனே வைத்த தொட்டி, அதன் கீழ் உறங்குவோர்க்கு ஓங்கிய கை போன்றது.

8. அடிநிலையைக் கடைக்கெனத் திறந்துவிட வேண்டின், பின்புறத்திலும் இரு பக்கங்களிலுமேனும் நல்ல சுவர்த்துண்டுகளைச் சமச்சீராக விடுக.

இவற்றை மேசன்மாரிடம் வாய்மொழியாகக் கூறிவிட்டால் போதாது. தகுதிபெற்ற கட்டமைப்புப் பொறியியலாளர் ஒருவர் பழைய கட்டடத்தைப் பார்வையிட்டு வரைபடம் தருதல் வேண்டும். பிரதேச சபையின் அனுமதிக்கென வரையப்படும் படமும் கட்டப்படும் கட்டடமும் ஒன்றாயிருத்தல் வேண்டும்.

முடிவுரை

பழைய மாணவர் சங்கங்கள் யூபிலி நினைவாகத் தத்தம் கல்லூரிக்குக் கட்டடம் அளிப்பது போற்றத்தக்க மரபு. அவ்வாறளிப்பது பெரும்பாலும், ஏற்கெனவே நிற்கும் வகுப்பறையின்மேல் எழும் அரைமாடியாகவே அமைகின்றது. கல்வெட்டிற் பொறிக்கப்படுவது கொடுத்தவர் பெயர். மேலே எழுப்பிய பாரம் கீழேயிருந்து பாடங்கேட்கும் பிள்ளைகளின் தலைக்கு நேரே நிற்கின்றது. ஆகவே நன்கொடைக் கணக்கைத் தொடங்குமுன்னர், கீழ்க்கட்டடத்தின் பழைய வரைபடத்தைத் தேடி எடுத்தலும், அது கிடைக்காவிடின் அத்திவாரத்தைத் தோண்டிப் பார்த்தலும், தூண்களைச் சோதித்தலும் கட்டடக் குழுவின் முதற்கடமைகளாகும். அச்சோதனைக்காகும் பணம் கட்டடச் செலவில் மிகச் சிறு பகுதியே.

நிலம் எப்பொழுது நடுங்கும் என்று எவராலும் கூற இயலாது. நடுங்கினால் எந்தத் தூணுக்கு எவ்வளவு விசை வரும் என்பதை, க.பொ.த. உயர்தர வகுப்பிற் பிரயோக கணிதம் பயிலும் மாணவன் ஒருவன் ஒரு பக்கத்திற் கணித்துவிடலாம் என்பதை மேலே கண்டோம். அக்கணக்கைத் தன் வீட்டுக்கும், தான் அமர்ந்திருக்கும் வகுப்பறைக்கும் ஒருமுறை செய்துபார்க்க முன்வரும் மாணவன், இம்மலரின் பக்கங்களை வீணாக்காதவன் ஆவான்.